இடப்பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவருக்கென்று இரண்டு பக்கமும் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் உண்டு. ஆண் உட்கார்ந்தால் ஒரு காலுக்கு ஒன்று. சேலை கட்டிய பெண் இரண்டு காலையும் இடது பக்கமே போட்டுக்கொண்டு உட்காருவாள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் உடம்பின் பாரம் மொத்தமும் அந்த ஒரு கட்டையில்தான் விழும். எங்கள் வண்டியில் வலது பக்கத்து ரப்பர் இன்னும் வரிவரியாகப் புதிதுபோல் இருந்தது. இடது பக்கத்து ரப்பர் வழுக்கை விழுந்துவிட்டது. அது போதாதென்று, போல்ட் நுழையும் ஓட்டை தேய்ந்து வட்டம் போய் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கால் வைத்தால் கட்டை இரண்டு விரல்கடை கீழே தாழ்ந்து, எடுத்தால் தொங்கிக்கொண்டு நிற்கும்.

அறுபதுகளின் கடைசி அது. நான் போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் அரசாங்க விவசாயப் பண்ணையில் எழுத்தராக இருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை வாங்கினேன். பண்ணைக் குவார்ட்டர்ஸில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எழுத்தர் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, இப்போது ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது. ஒன்று ஊரில், மூன்றாம் மாதத்தில். மற்றது இங்கே வந்தபிறகு, ஐந்தாம் மாதத்தில். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். பேசினால் கண் பட்டுவிடும் என்று அவள் பயந்தாள். நான் பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தேன். சோற்றில் கல் கிடந்தால் கத்தல், சட்டைப் பொத்தான் அறுந்தால் கத்தல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. நேர்மையானவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகலாம். ஆனால் அந்த பஸ் வாழைத்தாரும் கோழிக்கூடையும் ஆட்களுமாக நிரம்பி வரும். பின்சீட்டில் இடம் கிடைத்தால், பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். இதைவிட நான் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவது மேல் என்று முடிவு செய்தேன். பிள்ளைத்தாய்ச்சியை வண்டியில் ஏற்றுகிறாயே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். என் பெண்டாட்டியை எப்படிக் கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியும்.

ஃபுட்ரெஸ்ட் ஆடுவதை வண்டி கழுவும்போது நானே கண்டுபிடித்தேன். முதலில் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். இரண்டு நாளில் பழையபடி. நட்டில் குறையில்லை, மரை தேய்ந்த போல்ட்தான் வழுக்குகிறது என்று நினைத்து, டின்பால் டப்பாவைக் கத்தரித்து அந்தத் தகரத்தைப் போல்ட்டைச் சுற்றி வைத்து இறுக்கினேன். அது ஒரு வாரம் தாங்கியது. பிறகு தகரம் நைந்து பொடியாகக் கொட்டியது. கடல்காற்றில் எல்லா இரும்பும் துருப்பிடிக்கிற ஊர் அது. ஒரு ஸ்பிரிங் வாஷர் வேண்டும் என்றால்கூட மெட்ராஸ் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கம்பி போட்டுக் கட்டினேன். கம்பியில் அவள் சேலை மாட்டிக் கிழிந்தது.

"மிஸ்திரிகிட்ட ஒருவாட்டி காட்டிருங்களேன்" என்றாள் அவள்.

"ஏன், எனக்குக் கையில்லையா?" என்றேன்.

மறுவாரம் மிஸ்திரியிடம் காட்டுவதென்று நானே யோசித்து முடிவு செய்ததுபோல் அவளிடம் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் அன்றைக்கே வண்டியையும் சரிபண்ணிவிடலாம் என்பது ஏற்பாடு.

மெக்கானிக்கை அங்கே மிஸ்திரி என்றுதான் சொல்வோம். அவர் பட்டறை போர்ட் பிளேர் பஜாரை ஒட்டிய சந்தில், நான்கு மரத்தூணும் தகரக் கூரையுமாக இருந்தது. அவர் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு இந்துஸ்தானி. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அவரிடம் வந்துபோனதால் நாலு தமிழ்ச் சொல்லும் வைத்திருந்தார். வாங்க, உக்காருங்க, நாளைக்கு, அவ்வளவுதான். என் இந்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இந்தத் தீவில் எல்லோரும் அப்படித்தான் காலம் தள்ளினோம். பெங்காலியிடம் பாதி இந்தி, தெலுங்கரிடம் கால் இந்தி, மீதியைக் கையால் பேசுவோம். புரிந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் நம்புவதில்தான் எங்கள் பிழைப்பே ஓடியது.

அன்று காலை அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் தனியாகப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மிஸ்திரி குந்தி உட்கார்ந்து கட்டையை ஆட்டிப் பார்த்தார். போல்ட்டைக் கழற்றினார். ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அதில் போல்ட் புரிந்தது, லேத் புரிந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்குத் தகுந்த தடிமனில் ஒரு போல்ட்டை லேத்தில் கடைந்து போடவேண்டும் என்கிறார் என்று ஊகித்தேன். ஊகம் சரிதான். எப்போது முடியும் என்று சொன்னாரா, சொன்னால் என்ன சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பண்ணை வேலையாக டெலானிபூரில் இருந்த ஆபீசுக்குக் கோப்புகளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அங்கே கையெழுத்துக்காகக் காத்துக் காத்து மதியம் மூன்றாகிவிட்டது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் பசியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருப்பாளே என்று ஒரு பக்கம், மழைக்குள் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று ஒரு பக்கம், கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்த ஆள்மேல் கோபம் இன்னொரு பக்கம். பட்டறைக்கு வந்தபோது வண்டி கூரைக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. ஃபுட்ரெஸ்ட் நேராக நின்றது. மிஸ்திரி ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், கால் மட்டும் தெரிந்தது. உள்ளே சுத்தியல் சத்தம்.

நான் குனிந்து, "ஆச்சா?" என்றேன்.

"அச்சா, அச்சா" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கருப்பு மசி பூசிய ஒரு கை வெளியே வந்து, போ போ என்பதுபோல் ஆடியது.

வேலை ஆச்சா என்று நான் தமிழில் கேட்டேன். ஆச்சு ஆச்சு என்று அவரும் தமிழிலேயே சொல்கிறார் என்று என் காது எடுத்துக்கொண்டது. அவர் தமிழ் அப்படித்தான் கொச்சையாக இருக்கும். உதைத்தேன், வண்டி கிளம்பியது. கட்டையைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருக்கலாம். மூச்சு விடுகிற நேரம் போதும் அதற்கு.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் தெளிவாக இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். "வீட்டுல போய்ச் சொல்லு. மழை வருது, ஏறு" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் தாண்டி, தென்னந்தோப்புகள் தாண்டி, ரோடு சதுப்புக்காட்டை நோக்கி இறங்கும் இடம். தூறல் போட ஆரம்பித்திருந்தது. வளைவில் மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஏறி வந்தது. நான் வேகமாகப் போகவில்லை, சத்தியமாக இல்லை. ஓரம் ஒதுங்கி பிரேக்கை மிதித்தேன். இறக்கத்தில் பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் முன்னால் சரியாமல் இருக்கக் காலை ஊன்றத்தானே செய்வார்? அவளும் ஊன்றினாள். ஊன்றியது அந்தக் கட்டையில். டொக் என்று ஒரு சத்தம். என் தோளில் இருந்த கை நழுவி, சட்டையை இழுத்து, பிறகு காணாமல் போனது.

நான் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டில் உட்கார்ந்த நிலையில் கிடந்தாள், ஒரு கை தரையில், ஒரு கை இடுப்பில். எனக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் பயம்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாத்து உக்காரக் கூடாதா?" என்று கத்தினேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

லாரிக்காரர்தான் இறங்கி வந்து அவளைத் தூக்க உதவினார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், போர்ட் பிளேர் பக்கம் போகிற வண்டிதானே என்று அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நான் அவர்கள் பின்னாலேயே மழையில் வண்டியை ஓட்டினேன். கழன்று விழுந்த ஃபுட்ரெஸ்ட்டைப் பொறுக்கி கால்சட்டைப் பையில் போட்டிருந்தேன். அது தொடையில் குத்திக்கொண்டே வந்தது. பொறுக்கும்போதே அதிலிருந்த போல்ட்டைப் பார்த்துவிட்டேன். ஓட்டைக்குப் பாதித் தடிமன்கூட இல்லாத ஒல்லிப் போல்ட், விழாமல் இருக்கச் சணல் சுற்றிக் கையால் திருகியிருந்தது. வழியெல்லாம் அந்த மிஸ்திரியை என்னென்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவளைப் பற்றி நினைக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்தார்கள். அடிவயிற்றில் வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வலி அடங்கவும் செய்யலாம், அடங்காமல் போகவும் செய்யலாம், ஏழாம் மாதத்தில் பிறந்தால் இங்கே காப்பாற்றுவது கஷ்டம், இரண்டு மூன்று நாள் பார்த்தால்தான் தெரியும் என்றார். எப்படி விழுந்தாள் என்று கேட்டார். மெக்கானிக் செய்த தப்பு என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை பட்டறை திறக்கும்போதே நான் போய் நின்றேன். பையிலிருந்த ஃபுட்ரெஸ்ட்டை எடுத்து அவர் வேலைமேஜையில் எறிந்தேன். தமிழில் என்ன வசவு உண்டோ அத்தனையும் வைதேன். தமிழ் தீர்ந்தபின், பீவி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்த இந்தியிலும் வைதேன். சந்தில் ஆள் கூடிவிட்டது. மிஸ்திரி கையை மேஜையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை நின்றார்.

"பீவி கைசா ஹை?" என்றார் முதலில். என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று.

"நீதானே ஆச்சுன்னு சொன்னே?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். ஆச்சா என்று கேட்டேன், நீ ஆச்சு என்றாய். அவர் நெற்றியைச் சுருக்கி என் வாயையே பார்த்தார். பிறகு மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஆப் போலா, அச்சா. ஹம் போலா, அச்சா." தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "காம் நஹி ஹுவா, சாப். வேலை நாளைக்கு."

வேலை முடியவில்லை என்கிறார். நான் சொன்ன ஆச்சா அவருக்கு அச்சா என்று, இந்தியில் சரி என்று, கேட்டிருக்கிறது. சரி, நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பட்டுமா என்று சாப் விடைபெறுகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். சரி சரி, போய்வாருங்கள் என்று அவரும் சொன்னார். லேத்தில் கொடுத்த போல்ட் அன்று சாயங்காலம்தான் வரும், நாளைக்குத்தான் மாட்டமுடியும் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார். நான்தான் தலையை ஆட்டியிருக்கிறேன். கட்டை தொலைந்துபோகாமல் இருக்க ஒரு ஒல்லிப் போல்ட்டைச் சும்மா சொருகி வைத்திருந்தார். "அகேலா ஆயா" என்று என்னை நோக்கி ஒரு விரலைக் காட்டினார். தனியாகத்தானே வந்தீர்கள், தனியாகத்தானே போவீர்கள் என்று நினைத்தேன் என்கிறார்.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு போல்ட்டை எடுத்தார். புதிதாகக் கடைந்தது, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஓட்டையை அரத்தால் ராவிச் சரிசெய்து, வாஷர் போட்டு, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டும் போட்டு இறுக்கினார். எழுந்து தன் முழுப் பாரத்தையும் அந்தக் கட்டையில் வைத்து ஏறி நின்று காட்டினார். அது அசையவில்லை. கூட்டம் என்னைப் பார்த்தது. மன்னித்துக்கொள் என்பதற்கு இந்தியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். சின்ன வயதில் குறில் நெடில் தெரியாமல் எழுதியதற்காக வாத்தியார் கையில் பிரம்பால் போட்டிருக்கிறார். அப்போது ஒரு துணைக்கால் விட்டுப்போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தவன் நான். இப்போது ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் என் பிள்ளை கிடந்தது. அந்த மிஸ்திரிமேல் கோபம் போனதும் அந்தத் தீவின்மேல் வந்தது. ஒழுங்காக ஒரு பாஷை பேசாத ஊர், என்னை இங்கே அனுப்பிய வேலை, கையெழுத்துக்கு இழுத்தடித்த ஆபீஸ். கடைசியில் யார்மேலும் தப்பில்லை, ஒரு சொல்மேல்தான் தப்பு என்று வந்து நின்றேன். அது பெரிய ஆறுதலாக இருந்தது. சொல்லை யாரும் ஜெயிலில் போட முடியாதே. உள்ளே அவள் வலி வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள் என்று ஆயா வந்து சொல்வாள். நான் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகப் பயம்.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வெளியே வந்தார். வலி நின்று ஒரு இரவு முழுக்க ஆகிவிட்டது, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, பிரசவம்வரை எழுந்து நடமாடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். நான் அந்த வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் இளநீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பெரிய வார்டு, இரண்டு வரிசையாகக் கட்டில்கள். அவள் இடது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். முகம் சுருங்கியிருந்தாலும் கண்ணில் உயிர் வந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னேன். வைததைக் கொஞ்சம் குறைத்து, அந்தச் சொல் விஷயத்தை விரிவாகச் சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். உதட்டோரம் லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"பாவம் அந்த மனுசன்" என்றாள். "அவர்மேல தப்பு ஒண்ணுமில்ல."

"யார்மேலயும் தப்பில்ல. எல்லாம் அந்த ஒரு வார்த்தையால வந்த வினை" என்றேன்.

அவள் எதிர்க்கட்டிலில் யாரோ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுறப்பவே ஆடுச்சுங்க" என்றாள். "கால வச்சதும் தெரிஞ்சிருச்சு. முன்னவிட மோசமா ஆடுச்சு."

எனக்கு முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை. "ஆஸ்பத்திரி வாசல்லயேவா?"

"ம்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க ஏற்கெனவே கோவமா வந்தீங்க. இதையும் சொன்னா நடுரோட்டுல சத்தம் போடுவீங்கன்னு..." அவள் போர்வையின் நுனியைச் சுருட்டினாள். "வீடு போற வரைக்கும் தாங்கிரும்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு சத்தம் போடப்போறேன்?" என்றேன்.

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கட்டிலில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவள் கட்டுப்போட்ட கையையும் சேர்த்து இரண்டு கையையும் எடுத்து வயிற்றின்மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள்.